பனிக்குள் ஒரு தட்டல்

நாடுகள் ஏன் சண்டை போடுகின்றன, பிறகு எப்படிச் சேர்ந்துகொள்கின்றன என்று கல்லூரியில் பாடம் நடத்துகிறவர் கோகிலவாணி மேடம். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் எங்களுக்கும் அக்கரைக்காரர்களுக்கும் நடந்த தகராறைக் கேள்விப்பட்டு, செல்போனும் கையுமாக வந்துவிட்டார்.

"முதல்ல ஆரம்பிச்சது யாருங்கண்ணா?"

"அவனுங்கதாங்க மேடம். அக்கரையில தடி அடுக்கி வெச்சிருக்கானுங்கன்னு சேதி வந்துது. நாங்க சும்மா இருப்பமா? நாங்களும் அடுக்குனோம்."

"தடிய நீங்க கண்ணால பாத்தீங்களா?"

படித்தவர்களே இப்படித்தான், வாயைப் பிடுங்குவார்கள். நான் பார்க்கவில்லை. நடு ஆற்று மணல்திட்டில் யார் சுற்றுலா ஆட்களை இறக்குவது என்ற தகராறில், கர்நாடகக் கரை மாதேஷாவின் துடுப்பை முறித்துப் போட்டது நான்தான். அதை அவரிடம் சொல்வேனா?

அக்கரைக்காரர்களையும் கேட்டே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தார். மணல்திட்டு வரைக்கும்தான் என்று சொல்லி ஏற்றினேன். மார்கழிக் காலை. பாதி ஆற்றில் பனி இறங்கியது.

கரை போனது. வானம் போனது. ஆறு தூக்கத்தில் புரள்வதுபோலப் பரிசல் மெல்லச் சுற்றியது. சுற்றச் சுற்ற, தமிழ்நாடு எந்தப் பக்கம், கர்நாடகம் எந்தப் பக்கம் என்பதே மறந்துவிட்டது. வெள்ளைக்குள் வெள்ளையாக மிதந்தோம். அப்படியே கிடக்கலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் அருவிச் சத்தம் கிட்டே வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தத் தட்டல் கேட்டது. டொக், டொக். பனி நாளில் கரையில் இருப்பவன் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுத் துடுப்பால் தட்டுவான். ஆற்றில் இருப்பவன் அந்தச் சத்தத்தைப் பிடித்துக் கரை சேர்வான். இரண்டு கரையிலும் இதுதான் வழக்கம். சத்தத்தை நோக்கித் துழாவினேன்.

"யாரப்பா அது?"

மாதேஷாவின் குரல்! சின்னராஜ் என்று பொய்ப் பேர் சொல்ல வாயெடுத்தேன். கரையேறினால் முகம் தெரியத்தானே போகிறது?

"மாதவராஜ்," என்று கத்தினேன். "கூட ஒரு அம்மா இருக்காங்க."

தட்டல் நின்றுவிட்டது.

அட பாவி, கைவிட்டுட்டானே! எங்கே திரும்பினாலும் வெள்ளை. திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் நிறுத்தித்தான் இருப்பேன்.

"தடி ஏதாச்சும் வெச்சிருக்கியா?"

குரல் பக்கத்திலேயே கேட்டது. பரிசலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குள்ளேயே வந்துவிட்டான்!

"துடுப்பு மட்டுந்தான்."

"அதை நீட்டு. பேகா, பேகா!" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினான்.

நடு ஆற்றில் துடுப்பைக் கொடுப்பதும் உயிரைக் கொடுப்பதும் ஒன்றுதான். அவன் துடுப்பை முறித்தவன் வேறு நான். மேடத்தைப் பார்த்தேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

நீட்டினேன். மறுமுனையைப் பிடித்து எங்களைத் தன் பக்கம் இழுத்தான். இரண்டு பரிசலையும் கயிற்றால் கட்டினான். பிறகு துடுப்பை என்னிடமே திருப்பிக் கொடுத்தான்.

"இந்தா, நீயும் போடு. ஒருத்தனால ஆவாது."

வாங்கித் துழாவத் தொடங்கினேன்.

"பத்து ஆளோட வந்திருப்பியோன்னு பயந்துட்டேதான் வந்தேன்," என்றான்.

"அப்புறம் ஏன்டா வந்த?"

"நீ நெசப் பேரைச் சொன்னியே."