தட்டிவிட்டு நின்ற பதினோரு விநாடி

அவள் இரண்டு விரலால் கதவை மெல்ல இரண்டு முறை தட்டிவிட்டு, கைகளைக் கோத்துக்கொண்டு பதிலுக்காக நின்றாள். கதவின் அடியிலிருந்து புகை கசிந்து அவள் காலணிகளை மூடிக்கொண்டிருந்தது. இயந்திரம் கக்கும் பயிற்சிப் புகைதான். அதற்காகப் புகை புகையில்லை என்று ஆகிவிடுமா?

"போதும்," என்று பயிற்சியாளர் விளக்கைப் போட்டார். தீயணைப்பில் இருபது வருடம் இருந்த மனிதர். "பதினோரு செகண்ட் நின்னீங்க. உள்ள இருந்தவர் எழுந்து வந்து 'உள்ள வாம்மா'ன்னு கூப்பிடுவார்னு நினைச்சீங்களா?"

அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அவள் நின்றிருந்த, சிறகும் வாலும் இல்லாத அந்தப் பயிற்சி விமானக் கூடு விமான நிலையத்தை ஒட்டிய ஒரு கொட்டகைக்குள் கிடந்தது. வருடத்துக்கொரு முறை அதற்குள் ஏறிப் பரீட்சை கொடுத்தாக வேண்டும். பெரிய விமானமென்றால் ஆபத்தில் கத்திப் பயணிகளை வெளியேற்ற ஆறேழு பணிப்பெண்கள் இருப்பார்கள். அவளுடைய முதலாளியின் எட்டு இருக்கை கொண்ட சொந்த விமானத்தில் எல்லாம் அவள் ஒருத்திதான். காபி போடுவதும் அவள், படுக்கை விரிப்பதும் அவள், தீப்பிடித்தால் அணைப்பதும் அவள். பிற்பகலில் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் கோட்டைவிட்டால் மூன்று மாதம் வீட்டில்தான். முதலாளி மூன்று நாள்கூடப் பொறுக்க மாட்டார். நாளைக் காலையிலேயே அவருக்குப் பயணம் இருந்தது.

வழிமுறை தெரியாமல் அவள் நிற்கவில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். ஆனால் முதலாளியின் விமானத்தில் அவர் படுக்கும் பின்னறைக் கதவு சாத்தியிருந்தால் அவராகத் திறக்கும்வரை யாரும் திறக்கக்கூடாது. அவளுக்கு முன்னால் வேலை பார்த்த பெண், மாத்திரை நேரமாயிற்றே என்று நல்ல மனதோடு ஒருநாள் திறந்துவிட்டாள். தரையிறங்கியதும் அவளுடைய பெட்டிதான் முதலில் இறங்கியது; வேலை அன்றோடு போயிற்று. அந்தக் கதை தெரிந்துதான் இவள் வேலைக்குச் சேர்ந்தாள். ஆறு வருடத்தில் அந்தக் கதவு மேல் இருந்த பயம் அவள் கைவிரலுக்குள்ளேயே குடியேறிவிட்டது.

மதியம் கைப்பேசியில் கணவன் "பாஸா?" என்று கேட்டிருந்தான். "சாப்பிடறேன்" என்று பதில் போட்டாள். பதினைந்து வருடம் குடித்தனம் நடத்தியவன். புரிந்துகொண்டு வேறொன்றும் கேட்கவில்லை.

எதிரே தட்டோடு வந்து உட்கார்ந்தவன், காலையில் உள்ளே பயணியாகப் படுத்திருந்தவன்; அவளைப் போலவே பரீட்சைக்கு வந்தவன். ஓட்டலில் சமையல்காரனாக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவன். கட்டிலே முனகும் உடம்பு.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்காதீங்க. என் கதவை இவ்வளவு மரியாதையா யாருமே தட்டினதில்ல."

"கிண்டலா?"

"இல்லக்கா, நிஜமாத்தான். உள்ள இருட்டு, ஒரே புகை. நீங்க தட்டினது காதுல விழுந்துச்சு. 'ஆள் வந்தாச்சு'ன்னு இருந்துச்சு. அப்புறம் சத்தமே இல்ல. நீங்க வெளிய நிக்கறீங்கன்னும் தெரியுது. அப்பதான்க்கா பயந்தேன்."

அதன்பின் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆறு வருடமாகப் பணிவு என்று நினைத்திருந்தது அந்தக் கதவுக்கு உள்ளேயிருந்து கேட்டால் இப்படித்தான் இருக்குமா என்று நினைக்க அவமானமாக இருந்தது.

பிற்பகலிலும் கை பழக்கதோஷத்தில் மடங்கித்தான் எழுந்தது. பாதியில் விரித்து, புறங்கையைக் கதவில் வைத்துச் சூடு பார்த்தாள். அனலில்லை. புகைக்கவசத்தை மாட்டி, தீயணைப்பானோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "எழுந்திரு! வெளிய வா!" என்ற குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம். சமையல்காரன் சொல்லிவைத்தபடி கல்லாகக் கிடந்தான். சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்த இழுப்பில் பொத்தான் இரண்டு தெறித்தன.

"தேறிட்டீங்க," என்று பயிற்சியாளர் கையெழுத்துப் போட்டார். அவளுக்குப் பெரிதாக மகிழ்ச்சி வரவில்லை. உள்ளே கிடந்தது சமையல்காரன்; நாளை கிடக்கப்போவது முதலாளி.

மறுநாள் காலை முதலாளி ஏறி உட்கார்ந்ததும், அவள் பாதுகாப்புக் குறிப்பு சொல்ல வாயெடுத்தாள். வழக்கம்போல உள்ளங்கையைக் காட்டினார். "தெரியும்மா, எல்லாம் தெரியும்."

அவள் நகரவில்லை. "இது புதுசு, சார். புகை, கருகின வாசனை, எது வந்தாலும் பின்னறைக் கதவைத் தட்ட மாட்டேன். நேரா உள்ள வந்துருவேன்."

அவர் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினார். "தாழ்ப்பாள் போட்டிருந்தா?"

"வெளியிலேருந்து திறக்க வழி இருக்கு, சார். ஆறு வருஷமா எனக்குத் தெரியும்."

கோபமா, யோசனையா என்று அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. விமானி முன்னாலிருந்து குரல் கொடுக்க, அவள் போய்த் தன் மடக்கு இருக்கையை விரித்து உட்கார்ந்தாள். இறங்கும்போது தன் பெட்டி முதலில் இறங்குமோ என்ற எண்ணம் வரத்தான் செய்தது. வரட்டும் என்று வாரை இறுக்கிக்கொண்டாள்.

விமானம் மெல்ல உருளத் தொடங்கியது. முதலாளி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். பின்னறைக் கதவைத் திரும்பி ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து, தன் இடுப்பு வாரைக் கழற்றி, மறுபடி மாட்டி, அவசரத்துக்குச் சட்டென்று கழலுமா என்று மறுபடியும் ஒருமுறை கழற்றிப் பார்த்து மாட்டிக்கொண்டார்.