கெட்டியான கறுப்பு

நாற்காலியில் சாய்ந்ததுமே தமிழ்செல்வி கேட்டுவிட்டாள். "வெள்ளையாயிடும் இல்ல?"

"வாயைத் தொற முதல்ல," என்றாள் மணிமொழி.

செங்கம் சாலையில் ஒரு மாடியில் இருந்தது அந்தப் பல் ஆஸ்பத்திரி. ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் வந்துபோகிற இடம் என்பதால் டாக்டர் முருகையன் ஏசி போட்டு, சுவரில் மலைப் படமெல்லாம் மாட்டி வைத்திருந்தார். மணிமொழி அங்கே பல் டாக்டராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டைக் கடலை பயிர் போடுகிற குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பட்டம் வாங்கியும் வாய் அடங்கவில்லை என்பது அவளைப் பற்றி ஊரில் பேச்சு.

தமிழ்செல்வி அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவள். ஒன்பதாவது படிக்கையில் பள்ளிக்கூடத்துக்குப் பல் முகாம் வந்தது. இரண்டு பேரும் முன்னும் பின்னுமாய் நின்று வாயைத் திறந்தார்கள். மணிமொழிக்கு மேல்வரிசையில் கோரைப்பல்லை அடுத்த பல்லில் சொத்தையைச் சுரண்டி வெள்ளி அடைத்தார்கள். தமிழ்செல்விக்கு அதே இடத்தில், இரண்டு பக்கமும். நாளாக ஆக வெள்ளி கறுத்தது. அதைச் சுற்றியிருந்த பல்லும் சிலேட்டு நிறமானது. அன்றிலிருந்து தமிழ்செல்வி கை வைத்து மூடிக்கொண்டுதான் சிரிப்பாள்.

இப்போது அடி அண்ணாமலையில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் ஆகியிருந்தது. தை பிறந்தால் கல்யாணம்.

"மாமியார் இன்னா கேட்டாங்க தெரியுமா? பொண்ணு வெத்தல போடுமான்னு. சபையில எல்லாரும் சிரிச்சிட்டாங்க."

"நீ இன்னா பண்ண?"

"நானும் சிரிச்சேன். வாயை மூடிக்கினு."

"உன் மாப்பிள்ளை வல்லரசு?"

"அவரு போன்ல பேசினு இருந்தாரு."

"சந்தையில மாட்டுக்குப் பல்லு புடிச்சுப் பாக்குற கூட்டம்," என்றாள் மணிமொழி. மரத்துப்போகிற ஊசியைப் போடும்போது மட்டும் கை மெதுவாக இறங்கியது. "இன்னைக்கி இந்தப் பக்கம். அடுத்த வாரம் அந்தப் பக்கம். வலிச்சா கையத் தூக்கு."

பழைய வெள்ளி துண்டு துண்டாகப் பெயர்ந்து வந்தது. குழியின் அடி, அடிப்பிடித்த பால் சட்டி மாதிரி கறுத்துக் கிடந்தது. மணிமொழி கூர்முனைக் கம்பியால் சுரண்டிப் பார்த்தாள். சொத்தையாக இருந்தால் முனை உள்ளே இறங்கிச் சிக்கும். இங்கே கீச்சென்று வழுக்கியது. கெட்டியான பல். வெள்ளியிலிருந்து கசிந்த உலோகம் இத்தனை வருடமாக ஊறிக் கறையாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இது அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. கறை ஏறின இடத்தில் ஒட்டுமருந்து கொஞ்சம் கம்மியாகத்தான் பிடிக்கும். ஓரத்துப் பல் நன்றாக இருந்தால் அது பிடித்துக்கொள்ளும். கறுப்பு தெரியாமலிருக்க முதலில் அடர்த்தியான பூச்சு ஒன்று கொடுத்து, அதற்குமேல் பல் நிறத்துக் காம்போசிட் கலவையை வைக்க வேண்டும். நிறத்தைத் துரத்திக்கொண்டு தோண்டக்கூடாது. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறாள். அதைவிட, அவளுடைய சொந்தப் பல்லுக்கே காலேஜில் அப்படித்தான் செய்தார்கள். உள்ளே கறுப்பு, மேலே வெள்ளை. இன்றுவரை அசையவில்லை.

ஆனால் வெத்தல போடுமா என்று கேட்ட வாய் மணிமொழியின் காதிலேயே நின்றது. அந்தம்மா கண்ணில் ஒரு பொட்டுக் கறுப்புகூடப் படக்கூடாது. தோண்டுகிற மிஷினை மறுபடி எடுத்தாள். கறுப்பு கொஞ்சம் போனது. அடியில் பழுப்பு. இன்னும் கொஞ்சம். பழுப்பும் வெளுத்தது. இன்னும் ஒரே ஒரு சுற்று என்று வைத்தாள்.

நடுவில் ஊசிமுனை அளவுக்குச் சிவப்பு பூத்தது.

நரம்புக் குழியைத் தொட்டுவிட்டாள். மரத்துப்போன தமிழ்செல்விக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் நல்லபடியாகப் போகிறதா என்பதுபோல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். மணிமொழி தலையை ஆட்டினாள்.

அந்தப் பக்கமாக வந்த முருகையன் எட்டிப் பார்த்தார். வெளியே கூப்பிட்டு, தணிந்த குரலில், "சொத்தை ஆழம்னு சொல்லிடும்மா. எல்லாரும் சொல்றதுதான்," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ரத்தம் நின்றதும் மணிமொழி மருந்து வைத்துத் தற்காலிகமாக மூடினாள். அந்த மூடியும் வெள்ளைதான். கண்ணாடியைக் கையில் வாங்கின தமிழ்செல்வி, மரத்த உதட்டைக் கோணலாக இழுத்துப் பார்த்துப் பூரித்துப்போனாள்.

"இன்னும் முடியல. சொத்தை ஆழமா இருந்துச்சு," என்றாள் மணிமொழி, கையுறையைக் கழற்றிக்கொண்டே. "நரம்பு வரைக்கும் போயிருக்கு."

தமிழ்செல்வியின் கை தானாக வாயை மூடியது. நாற்காலியில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"அவ்ளோ அழுகலாவா இருந்துச்சு? உன் பக்கத்துல உக்காந்து எத்தினி வருசம் பேசியிருக்கேன். நாறியிருக்குமே. சொல்லியிருக்கலாம் இல்லடி." கண்ணாடியைக் கவிழ்த்து வைத்து, "அந்தம்மா கேட்டது நாயந்தான் போல," என்றாள்.

மணிமொழிக்குக் காது சூடானது. தன் தப்பை எடுத்துப் போய் இவள் வாய்க்குள் வைத்து மூடியிருக்கிறோம் என்று பட்டது.

"சொத்தையே இல்லடி. நான் பொய் சொன்னேன். பல்லு கெட்டியா இருந்துச்சு. வெறும் கறை. அதை விட்டுட்டு மேல ஒட்டியிருக்கலாம். நான்தான் தோண்டிக் கெடுத்துட்டேன்."

"ஏன்?"

"உன் மாமியார் மேல கோவம்."

"அவங்க மேல கோவம்னா என் பல்ல ஏண்டி தோண்டின?"

எந்த ஊரிலும், எந்தப் புரொபசர் முன்னாலும் பதிலுக்குத் தடுமாறாதவள், தட்டிலிருந்த கறுத்த வெள்ளித் துணுக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தம்மாவும் கறுப்பைப் பார்த்தாள், அழுக்கு என்று நினைத்தாள். தானும் அதைத்தானே செய்தோம், அதுவும் மிஷினோடு.

"உன்னுதையும் இப்படித்தான் தோண்டினாங்களா?"

"இல்ல. கறுப்பு உள்ளயே இருக்குது."

"காட்டு."

மணிமொழி குனிந்து வாயைத் திறந்தாள். தமிழ்செல்வி தலைக்கு மேலிருந்த விளக்கை இழுத்து, அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வெகுநேரம் பார்த்தாள். கூச்சத்தில் மணிமொழி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணுமே தெரியல," என்றாள் தமிழ்செல்வி. குரலில் கோபம்கூட இல்லை. "என் பல்லு பொழைக்குமா?"

"மருந்து வச்சிருக்கேன். பொழைக்கலாம். தானா வலி எடுத்தா நரம்பை எடுக்கணும். என்கிட்ட வர வேணாம்னு தோணினா வேற டாக்டர்கிட்ட நானே கூட்டிப் போறேன். நடந்ததை நானே சொல்றேன்."

"கல்யாணத்தன்னைக்கி வலிக்குமா?"

"தெரியல."

தமிழ்செல்வி பையை எடுத்துக்கொண்டாள். கதவருகில் நின்றாள்.

"வலி வந்தா வரேன். அந்தப் பக்கத்துப் பல்ல மட்டும் தொடாத. அது கறுப்பாவே இருக்கட்டும்."

படியிறங்கும்போது எதிரே இரண்டு பேர் ஏறி வந்தார்கள். தமிழ்செல்வி ஒதுங்கி, கையால் வாயை மூடிக்கொண்டு இறங்கினாள். கையை எடுடி என்று மேலிருந்து சொல்ல மணிமொழி வாயெடுத்தாள். ஆனால் அந்தக் கையை அங்கே வைத்ததில் தனக்கும் பங்கிருந்தது.