பக்கத் தையல்

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பதினோரு வாரம் ஓடியது. சுடிதார் சட்டை மட்டும் முதல் நாள் மாதிரியே உடம்பைக் கவ்விக்கொண்டு நின்றது. எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்!

என் வீட்டுக்காரர் டைலர். முன்னால் கடை, பின்னால் வீடு. நான் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிறேன், பட்டன் கட்டுகிறேன், ஓரம் மடித்துத் தைக்கிறேன். எல்லாம் கண்ணை நம்பிய வேலை. எட்டு வருஷமாக இருந்த சர்க்கரை இந்த வருஷம் கண்ணுக்கு ஏறிவிட்டது.

டாக்டரம்மா பட்டென்று சொல்லிவிட்டார். "கண்ணுக்குள்ள ரத்தக்குழாய் கசியுது. மாத்திரையோட சாப்பாடும் மாறணும், எடையும் குறையணும். மூணு மாசத்துல வாங்க. இப்படியே விட்டா ஊசியில நூல் கோக்க முடியாது."

எடை மெஷின் வாங்கலாம் என்றேன். இவர் சிரித்தார்.

"டைலர் வீட்டுல எதுக்குடி மெஷின்? துணியே சொல்லுமே."

நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். சோறு ஒரு கரண்டியானது. தட்டில் பாதி காய். டீயில் சர்க்கரை கிடையாது. விடிந்ததும் நாற்பது நிமிஷம் நடை. நாத்தனார் வந்து என் முகத்தைத் தடவி, "கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சே, சர்க்கரை ஆளையே தின்னுடுச்சே" என்று மூக்கைச் சிந்தினாள். வெந்த புண்ணில் வேல். முகம் வாடுகிறது, சட்டை தளரவில்லை என்றால் நோய்தான் தின்கிறது என்று நானும் நினைத்தேன்.

நேற்று மத்தியானம், பக்கத்துக் கடைக்காரர் தன் மகள் பாஸானதற்காகக் கேக் கொடுத்தனுப்பினார். இவர் நூல் வாங்கப் போயிருந்தார். பட்டினி கிடந்து என்னத்தைக் கண்டேன்? சாகிறவள் தின்றுவிட்டே சாகிறேன் என்று ஒரு துண்டைக் கையாலேயே பிய்த்தேன். வாய்க்குப் போகுமுன் க்ரீம் சட்டையில் விழுந்தது. துடைக்கப் பக்கவாட்டைப் பிடித்து இழுத்தேன்.

விரல் நின்றது. உள்ளே துணி தடிமனாக இருந்தது. கண் மங்கினாலும் என் விரல் மங்கவில்லை.

உள்ளே போய்க் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். பழைய பக்கத் தையல் அப்படியே இருந்தது; அதற்கு உள்பக்கமாக, உடம்பை ஒட்டிப் புதுத் தையல்கள். மூன்று வரிசை. கால் இஞ்ச், கால் இஞ்ச், கால் இஞ்ச். இன்னொரு பக்கமும் அப்படியே. மற்ற சட்டைகளிலும் அதே கதை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் வேறு சட்டையோடு எதிரே போய் நின்றேன்.

"என் துணியில கை வெச்சீங்களா?"

"லேசாப் பிடிச்சுவிட்டேன். டைலர் பொண்டாட்டி தொளதொளன்னு நின்னா கடைக்கு எவன்டி வருவான்?"

"அப்ப நான் இளைச்சது உங்களுக்குத் தெரியும்?"

"தெரியாமயா? ஆசையாத்தான் செஞ்சேன்."

ஆசையாம், ஆசை! "துணி சொல்லும்னு சொல்லிட்டு, அது வாயையே தைச்சிட்டீங்களே பாவி மனுஷா! இன்னிக்கு எல்லாத்தையும் விட்டுட்டு அந்தக் கேக்கைத் தின்னிருப்பேன்!"

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. "நான் குண்டானப்பவும் இதே வேலைதானா?"

தலை குனிந்தது. "கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சுவிட்டேன். உன் மனசு நோகக் கூடாதேன்னு."

"கண்ணு போனா பரவாயில்லையா?"

பிளேடை எடுத்தேன். அவரை உள்ளே இழுத்துப் போய், போட்டிருந்த சட்டையைக் கழற்றி, மூன்று வரிசைப் புதுத் தையலையும் அவர் கண்ணெதிரே பிரித்தேன். திரும்ப மாட்டியபோது அது என்மேல் சாக்கு மாதிரித் தொங்கியது. டேப்பை அவர் கையில் திணித்தேன்.

"இடுப்பை அளவெடுங்க. சத்தமாச் சொல்லுங்க. வர்றவங்க இடுப்பெல்லாம் தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்றீங்கல்ல?"

"நாப்பத்தொண்ணு."

"மூணு மாசத்துக்கு முன்னால?"

நோட்டைப் புரட்டவில்லை. யோசிக்கவும் இல்லை. "நாப்பத்தி நாலு."

"கல்யாணத்தப்ப?"

"முப்பது." குரல் உடைந்தது.

அத்தனையும் மனப்பாடம். என் உடம்பு, எனக்கு மட்டும் தெரியாது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கடைக்கு வந்து சாக்கட்டியை எடுத்து, வருகிறவர்கள் போட்டுப் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடியில் பெரிதாக 41 என்று எழுதினேன்.

"வாராவாரம் எழுதுவேன். இனிமே என் சட்டைப் பக்கம் உங்க ஊசி வந்துச்சு, அவ்வளவுதான்!"

கேக்கைப் பக்கத்துக் கடைக்கே திருப்பி அனுப்பினேன். தொளதொளச் சட்டையோடு கடை வாசலில், எல்லோரும் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து, நூலைக் கோத்தேன். மூன்றாம் தடவையில்தான் நுழைந்தது.

எவன் வருவான் என்று பார்த்துவிடலாம்.