நாளைக்குப் பேச வேண்டிய பேச்சு

சாயங்காலம் பூட்டைத் திறப்பது நான். பெருக்குவது நான். எழுதாத மார்க்கரைக் குப்பையில் போடப் போய், இன்னும் நாலு எழுத்து வரும் என்று மனசு கேட்காமல் திரும்ப டப்பாவிலேயே போடுவதும் நான்தான். கழிவறைக் குழாய் சொட்டினால் கீழே இருக்கும் பெயின்ட் கடைக்காரர் என்னைத்தான் கூப்பிட்டுச் சத்தம் போடுவார். அவர் கடைக்கு மேலே தூசி மண்டிக் கிடந்த கிடங்கை, பெரியவர்களுக்கான படிப்பு மையம் என்று பலகை மாட்டி, ஆட்கள் உட்காரும் இடமாக மாற்றியது என் உழைப்பு. அப்படிப்பட்ட மையத்தில் கூட்டம் எல்லாம் என் வீட்டுக்காரர் மேஜைக்கு முன்னால் நின்றால் எனக்கு எப்படி இருக்கும்? வயிறு எரிந்தது. இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

எங்களிடம் வருகிறவர்கள் எல்லாரும் வேலை முடிந்த கையோடு வருகிறவர்கள். துணி கம்பெனியில் வேலை பார்க்கும் தையல்காரம்மா, அடுக்குமாடி வாட்ச்மேன், நாங்கள் ஸ்பேனர் என்று கூப்பிடும் மெக்கானிக், இன்னும் பலர். முதலில் வாசிப்பும் எழுத்தும். நடுவில் டீ. டீக்குப் பிறகு வரும் அரை மணி நேரம் என் சொந்தக் கண்டுபிடிப்பு. அதற்கு 'நாளைப் பேச்சு' என்று பெயர் வைத்திருக்கிறேன். விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொண்ட பிறகும், அதை நீட்டி நாலு வார்த்தை பேச நாக்கு எழாமல் திரும்பி வந்தவர்களைப் பார்த்துத்தான் இது எனக்குத் தோன்றியது. நாளைக்கு யாரிடமாவது ஒரு பேச்சு பேச வேண்டியிருக்கிறது, ஆனால் பயமாக இருக்கிறது என்றால் எங்கள் மேஜைக்கு எதிரே வந்து உட்கார வேண்டும். "யார்கிட்ட? அவர் எப்படிப்பட்டவர்?" என்று முதலில் கேட்போம். பிறகு நாங்களே அந்த ஆளாக மாறிவிடுவோம். அதிகாரியோ, வீட்டு ஓனரோ, மருமகளோ, யாராக வேண்டுமானாலும். அவர்கள் எங்களிடம் பேசிப் பழகிக்கொண்டு போவார்கள்.

என் வீட்டுக்காரர் கோர்ட்டில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் பேச்சை எழுதி எழுதியே தன் பங்குப் பேச்சு தீர்ந்துபோன மனிதர் என்பது என் எண்ணம். சரியான கல்லுளிமங்கன். அவர் ஒரு நாளைக்கு வீட்டில் பேசும் வாக்கியங்களை எண்ணினால் கையில் விரல்கள் மிச்சம் இருக்கும். அதனால் குடித்தனத்துக்கு ஒன்றும் குறைவில்லை. 'அந்த' என்று அவர் ஆரம்பிக்கும்போதே மூக்குக் கண்ணாடியா மாத்திரையா என்று எனக்குத் தெரிந்துவிடும். எடுத்துக் கையில் கொடுத்துவிடுவேன். இத்தனை வருஷத்தில் நான் பெற்ற தேர்ச்சி அது.

என்னோடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பெண் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். ஆள் இல்லையே என்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோது, "நான் வேணா வரட்டுமா?" என்று இவராகக் கேட்டார். எனக்கு ஆச்சரியம்தான். வந்தால் நாற்காலி எடுத்துப் போடுவார், டீ ஊற்றுவார் என்று நினைத்துத்தான் சரி என்றேன்.

முதல் நாளே வாட்ச்மேன் போய் அவர் எதிரே உட்கார்ந்தார். கண் ஆபரேஷனுக்கு லீவு வேண்டும். குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் கேட்கப் பயம். அந்தச் செயலாளர் எப்படிப்பட்டவர் என்று இவர் விசாரித்தார். பிறகு கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, "என்னய்யா, சட்டுனு சொல்லு, மீட்டிங் இருக்கு" என்றார் பாருங்கள், அறையே சிரித்தது. வாட்ச்மேன் தடுமாறினார். இவர் விடவில்லை, மிரட்டினார், இரங்கினார், போன் வந்தது போல் நடித்தார், மறுபடி மிரட்டினார். கோர்ட்டில் பார்த்த அத்தனை ஆட்களும் இவருக்குள்ளே இத்தனை நாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள் போலிருக்கிறது. இரண்டு நாள் கழித்து வாட்ச்மேனுக்கு லீவு கிடைத்தது. ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து இவர் கையில் கொடுத்தார். விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்தது நான்.

அதற்குப் பிறகு டீ கிளாஸைக் கீழே வைத்ததும் வைக்காததுமாக எல்லாரும் அந்த மேஜைக்கு ஓடினார்கள். பஸ் கிடைக்காதவர்கள் நடந்து போவது மாதிரி, அங்கே இடம் கிடைக்காதவர்கள் என்னிடம் வந்தார்கள். அதையும் சும்மா செய்யவில்லை. "டீச்சர், நீங்க மேனேஜரா பேசினாலும் டீச்சர் மாதிரியே இருக்கு" என்றான் ஸ்பேனர். அவன் நல்ல பையன், விகல்பம் இல்லாமல்தான் சொன்னான். அன்றைக்கு அவன் எழுதிய பக்கத்தில் வழக்கத்தைவிட அதிகமாகவே சிவப்பு மை விழுந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். தையல்காரம்மா விஷயம்தான் பொறுக்க முடியாமல் போயிற்று.

அவளுக்கு வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தையல் மிஷின் போட்டு உட்கார ஆசை. அதைப் புருஷனிடம் சொல்ல வேண்டும். எப்படிப்பட்டவர் என்று இவர் கேட்டதற்கு, "கோபக்காரர் எல்லாம் இல்ல சார், காது கொடுக்க மாட்டார், அவ்வளவுதான்" என்றாள். இவர் உடனே நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுக்கொண்டு, இல்லாத டிவியைப் பார்க்க ஆரம்பித்தார். அவள் ஆரம்பித்தாள், நிறுத்தினாள், மறுபடி ஆரம்பித்தாள். நான் அடுத்த மேஜையில் ஒருவருக்குக் கூட்டல் கணக்குத் திருத்திக்கொண்டிருந்தேன். காது மட்டும் அங்கே இருந்தது. அவள் குரல் ஒரு இடத்தில் உடைந்தது. இவர் மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

"டிவியை அணைச்சிட்டேன். நீ சொல்லு. எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. சந்தேகம் என்று நினைத்துவிடாதீர்கள். சந்தேகமாக இருந்திருந்தால் நாலு நாள் சண்டை போட்டு முடித்திருப்பேன். இது வேறு. இந்த மனிதருக்கு இப்படிப் பேசத் தெரியும். இந்தக் குரல் இவரிடம் இருக்கிறது. எனக்கு வர வேண்டியது, என் கண் முன்னாலேயே மேஜை தாண்டி இன்னொருத்திக்குப் போகிறது. கலங்கிய கண்ணோடு அவளுக்கு முகம் எல்லாம் சிரிப்பு. கூட்டல் போட்டவர் பாவம், சரியாகப் போட்டிருந்ததை நான் தப்பு என்று அடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேவிட்டேன். "எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லைன்னு என்கிட்ட ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?"

அவர் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். "அது வந்து..." என்றார்.

"வந்தாவது போயாவது. அது சும்மா நடிப்புன்னுதானே சொல்லப் போறீங்க" என்று மிச்சத்தை நானே சொன்னேன். அவர் வாசல் கதவைத் தாழ் போடப் போய்விட்டார். அவ்வளவுதான் இவர் பேச்சு.

அடுத்த வாரம் மையத்தின் படிக்கட்டில் வைத்து அவரிடம் சொன்னேன். இனிமேல் நானே பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் வீட்டில் ஓய்வாக இருங்கள், வர வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன், கேட்டிருந்தால் கொட்டியிருப்பேன். "சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி இறங்கினார். அந்தச் 'சரி'யைக் கேட்டு எனக்கு இருந்த எரிச்சல் இரண்டு மடங்காயிற்று.

சார் எங்கே, சார் எங்கே என்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன். வலது முழங்காலில் வலி, மாடி ஏற முடியவில்லை என்றேன். ஒரு பொய் சொன்னால் அதோடு விடுவார்களா? தையல்காரம்மா தைலம் கொண்டுவந்தாள். யாரோ முழங்கால் உறை வாங்கி வந்தார்கள். நாலு பேர் சேர்ந்தால் சாரை நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுவந்துவிடலாம் என்று ஸ்பேனர் திட்டமே போட்டான். நான் காய்ச்சலில் படுத்தபோது ஒரு ஆரஞ்சுப் பழம் வந்ததில்லை. சரி, அவர்தான் இல்லையே, இனி என் மேஜைக்கு வருவார்கள் என்று பார்த்தால், டீயைக் குடித்துவிட்டுப் பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். நான் கண்டுபிடித்த நாளைப் பேச்சுக்கு எதிரே ஆள் இல்லை. மேஜையைத் துடைத்த இடத்திலேயே துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நாள் டீ நேரத்தில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு அடி, ஒரு நிறுத்தம். ஒரு அடி, ஒரு நிறுத்தம். என் வீட்டுக்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி ஏறி வந்தார். காலையில் என்னைவிட வேகமாக நடந்துபோய்ப் பால் வாங்கி வந்த மனிதர். அதிலும் இடது காலை நொண்டினார். நான் சொன்னது வலது கால்.

வாட்ச்மேன் என்னிடம் வந்து விஷயத்தை விளக்கினார். நேற்றுக் காய்கறி மார்க்கெட்டில் இரண்டு கையிலும் பையோடு சார் வேகமாகப் போய்க்கொண்டிருந்தாராம். முழங்கால் எப்படி இருக்கிறது என்று வாட்ச்மேன் கேட்டாராம். "கேட்டதும் சாருக்கு வலி வந்துருச்சு டீச்சர், அங்கேயே நொண்ட ஆரம்பிச்சிட்டார். விட்டு விட்டு வர்ற வலி போல" என்றார். என் முகத்தில் ஈயாடவில்லை. என் பொய்யைக் காப்பாற்ற இவர் நொண்டுகிறார் என்று புரிந்தது. நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்குள் ஆளுக்கு ஒரு பக்கம் தாங்கிப் பிடித்து அவரை உட்கார வைத்துவிட்டார்களே, பொய் சொன்னது நான், பரிவு மட்டும் அவருக்கா என்றுதான் தோன்றியது.

ஆனால் அவர் தன் பழைய மேஜைக்குப் போகவில்லை. நாற்காலியைக் கொண்டுவந்து என் மேஜைக்கு முன்னால் போட்டுக்கொண்டார். அவரைப் பார்த்து அன்றைக்கு மற்றவர்களும் வீட்டுக்குக் கிளம்பாமல் அங்கேயே வந்து உட்கார, எல்லாருக்கும் வழிவிட்டு வரிசையில் கடைசி ஆளானார். எல்லாரும் பேசி முடித்து, சாரிடம் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கிப் போகும் வரை பொறுமையாக இருந்தார். பிறகு எதிரே வந்தார்.

"நாளைக்கு ஒருத்தர்கிட்டப் பேச வேண்டியிருக்கு. எப்படிப் பேசறதுன்னு தெரியல."

எழுந்து விளக்கை அணைத்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்த மேஜையில் உட்கார்ந்து ஒருவர் கேட்டுவிட்டால் மறுப்பது என் பழக்கம் இல்லை. யாரிடம் என்று கேட்டேன்.

"என் பெண்டாட்டிகிட்ட."

"எப்படிப்பட்டவங்க?"

அவர் யோசித்தார். "கெட்டிக்காரி. நான் ஒரு வார்த்தை ஆரம்பிச்சா மிச்சத்தை அவளே சொல்லிடுவா. முக்கால்வாசி சரியாத்தான் இருக்கும். மிச்சம் கால்வாசி இருக்கு பாரு, அதை நான் இதுவரைக்கும் சொன்னதே இல்லை."

எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாய் துடித்தது. ஆனால் இப்போது நான் டீச்சர் இல்லை, அந்தப் பெண்டாட்டி. ஆரம்பியுங்கள் என்று கையைக் காட்டினேன்.

"நீ என்னை இங்க வர வேண்டாம்னு சொன்ன அன்னைக்கு..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டார்.

கோபம் வந்தது என்பாரா, வருத்தமாக இருந்தது என்பாரா, நல்லதாகப் போயிற்று என்பாரா? மூன்றும் என் நாக்கு நுனியில் வந்து நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டேன். கீழே பெயின்ட் கடையின் ஷட்டர் இறங்கியது. அவர் நகத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"...திரும்ப வீட்டுல உட்கார்ந்து உனக்காகக் காத்துட்டு இருக்கணுமேன்னு இருந்துச்சு. இங்க வர்றவங்க மேல எனக்குப் பல வருஷமாப் பொறாமை. ஒரு நாள் உன்னைக் கூட்டிட்டுப் போக வந்தப்போ வாசல்ல நின்னு பார்த்தேன். ஒரு ஆள் தன் பேரைச் சொல்ல அவ்வளவு நேரம் திக்கினான். நீ அவன் முகத்தைப் பார்த்துக்கிட்டுக் காத்துட்டே இருந்தே. இந்த மாதிரி என் எதிர்லயும் உட்கார மாட்டாளான்னு இருந்துச்சு. அதுக்குத்தான் நானும் வரேன்னேன். அந்தத் தையல்காரம்மாகிட்டப் பேசினது எல்லாம் நீ இவங்ககிட்டப் பேசறதுதான். உன்னைப் பார்த்துப் படிச்சது."

அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. இத்தனை நாளாக நான் வெந்து வெந்து செத்தேனே, அதற்கும் பல வருஷம் முன்னாலேயே இவர் ஆரம்பித்திருக்கிறார். பொறாமைப்படுவதில்கூட மனிதர் என்னை முந்திவிட்டார்.

"இதை நாளைக்கு வீட்டுல சொல்லிட முடியுமா?" என்று கேட்டேன்.

"தெரியல. அதான் பழகிட்டுப் போக வந்தேன்."

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன். "மெதுவாவே சொல்லுங்க."