மீசையில்லாத விருந்தாளி

"அசையாதீங்கப்பா," என்று சொல்லிக்கொண்டே ஆல்டித் சீப்பை பீரில் தோய்த்து எடுத்தாள். அப்பாவின் மீசை வாரினால் மட்டும் படியாது. பீர் தொட்டு வாரினால்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். சாகக் கிடந்தாலும் தோர்கில் பிரபு அதில் மட்டும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"இடது பக்கம் தொங்குது," என்றார்.

"கண்ணு தெரியலைன்னு காலையில புலம்புனீங்க. மீசை தொங்குறது மட்டும் தெரியுதாக்கும்?"

"பாரம் தெரியுதுல்ல. சாமி வர்ற நேரத்துல கோணலா இருந்தா என்ன நினைப்பாரு?"

சாமி என்றால் பாதிரியார் எட்வி. பக்கத்து ஊரிலிருந்து கோவேறு கழுதையில் வந்தாக வேண்டும். வழியில் பீர் காய்ச்சுகிற வீடு எதுவாக இருந்தாலும் இறங்கி நலம் விசாரிக்காமல் வரமாட்டார். நல்ல மனுஷர், ஆனால் அவரை நம்பிச் சாக முடியாது.

ஆல்டித்துக்கு வேறு கவலை இருந்தது. நார்மன்காரர்கள் கடல் தாண்டி வந்து, ராஜாவைக் கொன்று, நாட்டை எடுத்துக்கொண்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் போரில் அவளுடைய தம்பியும் செத்தான், புருஷனும் செத்தான். இப்போது அந்த வட்டாரத்துக்கு ராவுல் என்ற ஒருவனை எஜமானனாகப் போட்டிருந்தார்கள். அவனுக்கு அடங்கி அவன் ஆளாகிறவர்களின் வீடும் நிலமும் பிள்ளைகள் கையில் நிற்கும். அடங்காமல் செத்தவர்களுடைய சொத்து செத்த அன்றே அவன் கைக்குப் போய்விடும். ஆல்டித்தும் இரண்டு பெண் குழந்தைகளும் கட்டிய துணியோடு கிளம்ப வேண்டியதுதான்.

அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள். கெஞ்சினாள். சண்டை போட்டாள். முதல் தடவை வந்த தூதன் தலையில் அவர் பீர்ப் பானையைக் கவிழ்த்தார். அடுத்தவன் மீது நாயை ஏவினார். நாய்க்கும் வயசாகிவிட்டதால் தூதனின் பூட்ஸை நக்கிவிட்டுத் திரும்பி வந்தது. ஊர் அதையும் வீரக்கதையாகவே சொல்லிக்கொண்டது.

முற்றத்தில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது.

"சாமி வந்தாச்சு," என்றார் தோர்கில். "சீப்பை எடு, சீப்பை எடு."

கழுதைக்கு அவ்வளவு சத்தம் வராது என்று ஆல்டித்துக்குத் தெரியும். எழுந்து போவதற்குள் ராவுலே வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டான். பின்னால் அவனுடைய குதிரைக்காரன் லாம்பெர். கடலுக்கு அந்தப் பக்கம் ஃப்ளாண்டர்ஸ்காரன், இந்த ஊர்ப் பேச்சு அரைகுறையாகத் தெரிந்தவன்.

"எஜமான் கடைசியா கேக்க வந்திச்சு," என்றான் லாம்பெர். "பெரியவர் ஆளாவுதா, ஆவலையா?"

ஆல்டித் வாயைத் திறக்கும் முன்னே அப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். மங்கிய கண்ணுக்கு முழுக்க மழித்த ஒரு முகம் தெரிந்தது. நார்மன்காரர்கள் வழக்கப்படி ராவுல் பின்மண்டையையும் மழித்திருந்தான். அந்த நாட்டில் மானமுள்ள எந்த ஆம்பளைக்கும் மீசை இருக்கும். இல்லாமல் திரிகிறவர் பாதிரியார் மட்டும்தான்.

"வாங்க சாமி, வாங்க," என்றார் தோர்கில். "புதுசா வந்திருக்கீங்களா? எட்வி எந்த வீட்டுல கவுந்து கிடக்காரு?"

ராவுல் ஏதோ கேட்டான். லாம்பெர் தோளைக் குலுக்கினான்.

"நேரமில்ல சாமி, பாவத்தைச் சொல்லிடறேன். மடத்துக் குளத்துல விலாங்கு திருடியிருக்கேன். ஒரு வாட்டி இல்ல, வருஷா வருஷம். அவங்க விலாங்கு நல்லா கொழுப்பா இருக்கும்."

லாம்பெர் மொழிபெயர்த்தான். ராவுல் சிரிப்பை அடக்கிக்கொண்டு மரியாதையாகத் தலையை ஆட்டினான்.

பாவத்தைச் சொல்லி முடித்ததும் கைகளைக் கூப்பி நீட்டுவது அந்த ஊர் வழக்கம். பாதிரியார் அவற்றைத் தன் கைக்குள் பொத்தி மன்னிப்புச் சொல்வார். தோர்கிலும் கூப்பிய கைகளை நீட்டினார்.

ராவுலின் முகம் மாறிவிட்டது. அவன் ஊரில் அப்படிக் கை நீட்டுவதற்கு ஒரே அர்த்தம்தான். நான் உன் ஆள், நீ என்னைக் காப்பாற்று. அவன் அவசரமாக வாளைக் கழற்றி லாம்பெரிடம் கொடுத்தான்.

அப்பா, இவர் சாமி இல்லை. ஆல்டித்தின் நாக்கு நுனிவரை அது வந்துவிட்டது. வாழ்நாளில் அப்பாவிடம் பொய் சொன்னவள் இல்லை அவள். அடுப்படியில் குழந்தைகள் எதற்கோ சண்டை போடுகிற சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

ராவுல் அந்தக் கைகளைத் தன் கைக்குள் பொத்தினான். அப்பாவின் விரல்கள் அந்தக் கைக்குள் சட்டென்று நின்றன. புருவம் சுருங்கியது. இழுத்துக்கொள்வார், இப்போது இழுத்துக்கொள்வார் என்று ஆல்டித் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் இழுக்கவில்லை. ராவுல் புரியாத மொழியில் நீளமாக ஏதோ சொல்லி முடிக்கும் வரை கையை அங்கேயே வைத்திருந்தார்.

"ஆமென்," என்றார் கடைசியில்.

"முடிஞ்சிச்சு," என்றான் லாம்பெர் அவளிடம் மெதுவாக. "வீடு உங்களுக்கு. எஜமான் சந்தோசம். விலாங்கு பத்தி யார்ட்டயும் சொல்லாது."

அவர்கள் போன பிறகு ஆல்டித் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"சாமிக்கு உள்ளங்கை பூரா காய்ப்பு," என்றார் தோர்கில் கண்ணை மூடியபடியே. "வாள் பிடிச்ச காய்ப்பு. எனக்கும் இருந்துச்சு, ஒரு காலத்துல."

ஆல்டித் போர்வையை அவர் மார்புவரை இழுத்துவிட்டாள்.

"குழந்தைங்க இங்கயே இருக்கலாம்ல?"

"இருக்கலாம்பா."

"அப்ப சரி. இடது பக்கம் இன்னும் தொங்குது, பாரு."

அவள் மறுபடி சீப்பை எடுத்தாள். வாரிக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றுபோனது. எட்வி பாதிரியார் மூக்குச் சிவந்து வந்து சேர்ந்தபோது மீசை இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்தது. அவர் சாவுச் சடங்குக்கான எண்ணெயைப் பூசினார், அழுதார், யார் கேட்டாலும் கழுதையைத்தான் குறை சொன்னார்.

அடக்கம் முடிந்த மாலை ஊரே அந்தக் கூடத்தில் கூடிக் குடித்தது. தோர்கிலைப் பற்றிப் பேசப் பேசச் சிரிப்பு அதிகமானது. நாய் பூட்ஸை நக்கிய கதையை ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் நாய் கொஞ்சம் பெரிசானது.

அடுத்த பண்ணைக்காரர் கிரிம் குவளையை நீட்டியபடி கேட்டார்:

"ஏம்மா, அந்த ராவுல் வீட்டுக்குள்ளயே வந்துட்டானாமே. பெரியவர் சும்மாவா விட்டாரு?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"விடுவாரா?" என்றாள் ஆல்டித். "மூஞ்சியில மீசை முளைச்சப்புறம் வந்து பேசுடான்னு சொல்லிட்டாரு."

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. யாரோ மேஜையைக் குத்தினார்கள். கிரிமுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்புறம் எப்படிம்மா வீட்டை விட்டு வெச்சான்?"

"பயந்துட்டான் போல," என்றாள்.

குனிந்து அவர் குவளையில் பீரை ஊற்றினாள். நுரை விளிம்பைத் தாண்டி அவர் விரல்மேல் வழிந்தது. மேஜையில் ஓடியது. ஆல்டித் இன்னும் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.