சொல்தா சுட்ட நாற்பத்தேழு பேர்

மருதையன் சைகோன் பக்கம் ஓர் ஆற்றங்கரையில் ஒரே விடியற்காலையில் நாற்பத்தேழு பேரைச் சுட்டுத் தள்ளினார் என்பது காரைக்காலில் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் இருக்க அவர் விட்டால்தானே! பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் சொல்தா அவர். டீக்கடையில் யாராவது மழையைப் பற்றி வாயெடுத்தால் போதும், "அன்னைக்கும் இப்புடித்தான் தூறிக்கிட்டிருந்துச்சு" என்று ஆரம்பித்துவிடுவார்.

உண்மையில் அந்தப் பதினைந்து வருஷத்தில் அவர் ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. பட்டாளத்து பேண்டில் தம்பூர் அடித்தவர். இடுப்பில் மேளத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு குச்சியால் இவர் அடிக்க, மற்றவர்கள் அதற்குக் கால் எடுத்து வைப்பார்கள். மேளம் அடிக்கவா கப்பல் ஏறிப் போனாய் என்று அப்பா கேட்பாரே என்ற பயத்தில், ஊர் திரும்பும் கப்பலிலேயே நாற்பத்தேழு பேரையும் கொன்று முடித்துவிட்டார்.

இதனால் ஊருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அகப்பட்டுக்கொண்டவள் பெண்டாட்டி அஞ்சுகம்தான். கல்யாணமான புதிதில் இரண்டு கர்ப்பம் தங்காமல் போனது. செத்த நாற்பத்தேழு பேருடைய வயிற்றெரிச்சல் என்று எந்தப் புண்ணியவதியோ சொல்லிவைத்தாள். அன்று பிடித்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அஞ்சுகம் திருநள்ளாறு போய் எள் விளக்குப் போட்டுவிட்டு, பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீரோடு கிடப்பாள். பிறகு அல்லி பிறந்தாள், வளர்ந்தாள், நெடுங்காட்டில் வாழ்க்கைப்பட்டும் போனாள். விரதம் நிற்கவில்லை. இருபத்தாறு வருஷம்! அந்தச் சனிக்கிழமைகளிலும் புருஷனுக்கு மட்டும் மீன்குழம்பு வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் அவர் நினைப்பார். முள் எடுத்து முடிப்பதற்குள் நினைப்பு போய்விடும்.

எண்பத்து நாலாம் வருஷம், சிங்கப்பூரிலிருந்து திரும்பிய காதர் பாட்சா தன்னுடைய கூல்டிரிங்க்ஸ் கடையில் ஒரு வீடியோ கேம் பெட்டியை இறக்கினார். எட்டணா போட்டால் கறுப்பு வானத்தில் எட்டெட்டாக ஆறு வரிசை, மொத்தம் நாற்பத்தெட்டுப் பூச்சிகள் வந்து நிற்கும். இடமும் வலமுமாக நகரும். ஓரத்தைத் தொட்டால் ஒரு படி கீழே இறங்கும். அடியில் நமக்கு ஒரு சின்னக் கப்பல், ஒரு கைப்பிடி, சுடுவதற்கு ஒரு பட்டன். பூச்சிகள் தரையைத் தொட்டால் எட்டணா போச்சு.

தாலுகா ஆபீஸ் கிளார்க் தியாகராசன் அந்த நாற்பத்தேழு பேர் கதையை வாரம் மூன்று தடவை கேட்டுக் காது புளித்துப்போனவன். விடுவானா?

"சொல்தா ஐயா, நீங்க நாப்பத்தேழு உசுரைச் சுட்டவரு. இங்க நாப்பத்தெட்டு பூச்சிதான். ஒன்னுதான் கூட. கொஞ்சம் சுட்டுக் காட்டுங்களேன்."

மருதையன் மீசையைத் தடவிக்கொண்டு போய் நின்றார். சுடுகிறவர்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூச்சை அடக்குவதைப் பார்த்திருக்கிறார். அப்படியே செய்தார். மூச்சை விடுவதற்குள் கப்பல் காலி. விழுந்த பூச்சிகள் ஏழு.

அன்று சாயங்காலத்துக்குள் அவருக்கு ஏழு என்றே பெயராகிவிட்டது. "ஏழு வருது, பெஞ்சுல எடம் விடுங்கப்பா" என்றார்கள். தியாகராசன் அதோடு நிறுத்தவில்லை.

"அடுத்த சனிக்கெழமை வரைக்கும் டயம் தர்றேன். ஒரே ஒரு தடவை மொத்தப் பூச்சியையும் காலி பண்ணிக் காட்டுங்க. முடியலன்னா அந்தக் கதைய இனிமே நீங்க எடுக்கவே கூடாது."

மருதையனுக்குப் பகீரென்றது. அந்தக் கதையை எடுத்துவிட்டால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது? பென்ஷனும் மீசையும்தான்.

மறுநாளிலிருந்து, கடையில் ஆள் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்துப் போய் எட்டணாக்களைக் கொட்டினார். பெட்டி அவரைப் பாடாய்ப்படுத்தியது. ஒரு குண்டு பறக்கும்போது அடுத்ததைச் சுட முடியாது. அது எதையாவது அடிக்க வேண்டும், அல்லது திரையைத் தாண்டிப் போக வேண்டும். குறி தப்பினால் அதுவரை கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

"அண்ணே, நீங்க பூச்சி இருக்குற எடத்தைச் சுடுறீங்க. அது போவப்போற எடத்தைச் சுடுங்க" என்றார் காதர் பாட்சா.

"அது எங்க போவும்னு எனக்கு எப்புடித் தெரியும்? எங்கிட்ட சொல்லிட்டா போவுது?"

வியாழக்கிழமை வரைக்கும் இருபத்துமூன்றைத் தாண்டவில்லை. தலைவலி மண்டையைப் பிளந்தது. ஒரு கோலி சோடாவை வாங்கிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தார். வேறு யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள். பெட்டியிலிருந்து தொம், தொம், தொம், தொம் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் அதைத் தொல்லை என்றுதான் நினைத்திருந்தார். இப்போது பார்த்தால் அவர் விரல் தொடையில் அதற்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

சட்டென்று கண்ணைத் திறந்தார். ஒவ்வொரு தொம்முக்கும் பூச்சிகள் ஒரே ஒரு எட்டு வைத்தன. ஆள் குறையக் குறைய அடி வேகமாகிறது, நடையும் வேகமாகிறது. அட நாசமாய்ப் போக! இது அணிவகுப்பல்லவா! பதினைந்து வருஷம் இதே வேலையைத்தானே பார்த்தார்!

எழுந்து போய் எட்டணாவைப் போட்டார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை, மூச்சைப் பிடிக்கவில்லை, கீழே இருந்த கப்பலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீழ் வரிசைக்குக் குண்டு போய்ச் சேர இரண்டு தொம், மேல் வரிசைக்கு நாலு. அத்தனை எட்டு முன்னால் தள்ளிக் குறிவைத்து, தாளம் விழும்போது பட்டனைத் தட்டினார். இரண்டு ஓரங்களிலும் நின்றவற்றை முதலில் கொன்றார். கூட்டம் குறுகியதும் ஓரத்தைத் தொட அதற்கு நேரம் பிடித்தது, கீழே இறங்குவதும் தாமதமானது. அன்றைக்கு நாற்பத்தொன்று.

சனிக்கிழமை கடையில் நிற்க இடமில்லை. பயத்தில் மருதையனுக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. வீட்டில் குழம்பு அப்படியே இருந்தது. எட்டணா விழுந்தது. அவர் வலது கால் தரையில் தட்ட ஆரம்பித்தது. பத்து, இருபது, முப்பது. தாளம் ஓட்டமெடுத்தது, அவர் கூடவே ஓடினார். கடைசிப் பூச்சி பைத்தியம் பிடித்ததுபோல இங்கும் அங்கும் பறந்தது. பெட்டி அடித்த அடி தம்பூரில் உருட்டல்போலக் கேட்டது. மருதையனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாலு எண்ணினார், தட்டினார். வானம் காலி.

கடை அதிர்ந்தது. தியாகராசனே ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. இது துப்பாக்கி புடிச்ச கைதான்."

மருதையனுக்குச் சுருக்கென்றது. வாழ்க்கையில் முதல்முறையாக அவருடைய கை ஊரறிய ஒரு காரியம் செய்திருக்கிறது. அந்தப் பெருமையும் கையில் பிடிக்காத துப்பாக்கிக்கா போக வேண்டும்?

"துப்பாக்கியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் பேண்டுல தம்பூர் அடிச்சவன். ஒருத்தரையும் சுட்டதில்ல" என்றார்.

காதர் பாட்சாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"பாருங்கப்பா, எவ்வளவு அடக்கமான மனுசன்!"

"இவ்வளவு அடக்கம்னா, கணக்கையும் கொறச்சுத்தான் சொல்லியிருப்பாரு" என்றான் தியாகராசன். "நூறாவது இருக்கும்."

நூறு என்றே முடிவானது. மருதையன் கத்திப் பார்த்தார், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் வீடு போய்ச் சேர்வதற்கு முன்பே நூறு பேரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். திருநள்ளாற்றிலிருந்து வந்த அஞ்சுகம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நூறு பேராமே. நாப்பத்தேழு பேருக்குத்தான இத்தன நாளும் இருந்தேன்? மிச்சம் அம்பத்து மூணு பேரு என்ன பாவம் பண்ணுனாங்க? இனிமே செவ்வாக்கெழமையும் இருந்துடறேங்க."

மருதையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னார். கப்பலில் இட்டுக்கட்டியது, அப்பாவுக்குப் பயந்தது, ஒவ்வொரு சனிக்கிழமையும் மீனோடு சேர்த்து விழுங்கியது. ஊரே நம்பாததை அஞ்சுகம் ஒரு கேள்வி கேட்காமல் நம்பினாள்.

"அந்தத் தம்பூரு எப்புடி அடிப்பீங்க? அடிங்க, பாப்போம்."

அவர் அரிசி டின்னை இழுத்து வைத்து இரண்டு கையாலும் அடித்துக் காட்டினார். அஞ்சுகம் கடைசிவரை கேட்டாள்.

"நல்லாத்தான இருக்கு. இதையா மறைச்சீங்க?"

அவருக்கு அழுகை வந்துவிட்டது. அஞ்சுகம் எழுந்து போய்த் தட்டு எடுத்தாள். சோறு போட்டாள். அவருக்கென்று காலையில் வைத்த மீன்குழம்பை ஊற்றிக்கொண்டு, சனிக்கிழமையும் அதுவுமாக, பொழுது சாயும் முன்பே சாப்பிட ஆரம்பித்தாள். பசி தாங்காமல் அவர் தட்டுப் பக்கம் கையை நீட்டினார். அவள் தட்டை நகர்த்தினாள்.

"இன்னையிலேந்து நாப்பத்தேழு சனிக்கெழமைக்கு உங்களுக்குப் பச்சத் தண்ணிதான். திருநள்ளாத்துக்கும் நீங்கதான் போறீங்க."

"யாருக்காவடி? ஒருத்தரும் சாவலையே!"

"எனக்காவ" என்றாள் அஞ்சுகம்.

மருதையன் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசித் துண்டைக்கூட அவள் மிச்சம் வைக்கவில்லை.