அக்கா கேட்ட டெக்ஸ்ட் ஃபைல்

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கும் இயந்திரம் அவள் பொறுப்பு. அங்கிருந்த மூத்த விஞ்ஞானியை அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கூடப் பிறந்தவள் இல்லை. ஆனால் குறைமாதத்தில் இவளுக்கு வலி கண்டபோது, கணவன் வந்து சேரும்வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் கால்கடுக்க நின்றவள்.

ஒரு திங்கட்கிழமை அக்கா வந்து, ஊரிலிருந்த பேட்டரி ஆலைக்குப் பக்கத்துத் தெருக்களின் குழாய்த் தண்ணீர் அட்டவணையை டெக்ஸ்ட் ஃபைலாக எடுத்துத் தரச் சொன்னாள். இயந்திரத்துக்குள் இருக்கும்வரை ஓர் எண்ணைக்கூட யாராலும் திருத்த முடியாது. டெக்ஸ்டாக வெளியே வந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் அழித்து எழுதலாம். அதனால் இவள் எதற்கென்று கேட்டாள். வரைபடம் போடத்தான், ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டக் கண் ஒத்துழைக்கவில்லை என்றாள் அக்கா. இவள் மறுபேச்சில்லாமல் முந்நூற்று நாற்பது வரிகளையும் எடுத்து, பத்திகள் கோணாமல் சரிபார்த்து, மின்னஞ்சலில் அனுப்பினாள்.

மூன்று வாரம் கழித்து அந்தத் தண்ணீரைப் பற்றிய அறிக்கை வந்தது. தண்ணீர் குடிக்க உகந்தது என்றிருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத் தெருவில் வரம்பைப்போல நான்கு மடங்கு ஈயம் இருந்தது. நம்ப முடியாமல் இரண்டாம் தடவையும் ஓட்டிப் பார்த்திருந்தாள். இயந்திரத்தில் இருந்த அசல் பதிவைத் திறந்து வரிக்கு வரி ஒத்துப் பார்த்தாள். பன்னிரண்டு வரிகளில் தசமப்புள்ளி ஓரிடம் இடப்பக்கம் நகர்ந்திருந்தது. அடியில், 'தரவு எடுத்தளித்தவர்' என்று இவள் பெயர் மட்டும்.

அறிக்கையை அக்காவின் மேசைமேல் வைத்தாள். அக்கா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"மேல சொன்னாங்க, செஞ்சேன். உன்னை யாரும் கேக்க மாட்டாங்க."

"கேட்டா? என் பேர்தானே இருக்கு."

"நீதானே எடுத்துக் குடுத்தே," என்றாள் அக்கா, குரலை உயர்த்தாமல்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பழியை யார் தலையில் கட்டுவது என்பதை முதல் நாளே யோசித்துவிட்டுத்தான் அக்கா வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. கழிப்பறைக்குப் போய், அழுகைச் சத்தம் வெளியே கேட்காமல் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள்.

அன்று மாலையே அசல் அளவீடுகளைத் தேதியோடு அச்செடுத்து, சுகாதார அதிகாரியிடம் நேரில் கொடுத்தாள். நான்காம் நாள் அந்தத் தெருக் குழாய்களை மூடி, லாரியில் தண்ணீர் அனுப்பினார்கள். விசாரணையில் அக்கா, ஃபைல் வந்தபோதே அப்படித்தான் இருந்தது என்று துணிந்து சொன்னாள். இவள் அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்து காட்டியதும் அந்தப் பொய் நிற்கவில்லை. அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

தொல்லை விட்டது என்றான் கணவன். இவள் தலையாட்டினாள். ஆனால் அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.